சுவரைக் காட்டச் சொல்லும் பாசம்

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் ஆலோசனை அறைக்கு வந்த பெண்ணின் போன் முக்கால் மணி நேரத்தில் பதினொரு முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்தினார், எடுத்துப் பார்த்தார், மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கடைசியில் வீடியோ கால். எங்கே இருக்கிறாள் என்று கணவருக்குத் தெரியவேண்டுமாம். சுவரையும் ஜன்னலையும் சுற்றிக் காட்டினார். அப்புறம் என்னிடம், "என்மேல அவருக்கு உயிர்" என்றார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த ஒரு பேச்சோடுதான் எனக்குத் தீராத சண்டை. "பாசம் இருக்கிறதாலதானே சந்தேகம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை ஐயா, அது பயம். கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். லொகேஷன் அனுப்பினால் பத்து நிமிடம் அடங்கும், பிறகு அடுத்த ஆதாரம் கேட்கும். லொகேஷன் போய் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு போய் சம்பளக் கார்டு. இவர் விஷயத்தில், புரட்டாசி பூஜைக்கு டர்பனிலேயே பீனிக்ஸில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகவும் தடை. "எல்லாவற்றையும் காட்டிவிட்டால் நிம்மதியாகிவிடுவார்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

நம் தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கும் இது பாசம் இல்லை. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உறவினரிடமிருந்து பிரித்து வைப்பது, அன்றாட நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதன்படி வன்முறைதான். தாலி கட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, காதலர்களுக்கும் பொருந்தும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்க வக்கீல் தேவையில்லை. இலவச உதவி எண் 0800 428 428, இரவிலும் எடுப்பார்கள்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் வீம்புக்காக லொகேஷனைத் திடீரென்று அணைக்காதீர்கள். பிடி நழுவுகிறது என்று தெரியும் நேரம்தான் ஆபத்தானது. முதலில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். (அப்படிப்பட்ட தம்பதியை நான் ஒரே அறையில் உட்கார வைப்பதில்லை.)

பிடித்து வைப்பவரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கூப்பிடக் கை துறுதுறுக்கும்போது போனைச் சமையலறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் வெளியே நடங்கள். முதல் வாரம் நரகம்தான். முடியாவிட்டால் தனியாக வாருங்கள், திட்டமாட்டேன். மகன் ஞாயிற்றுக்கிழமை எத்தனை முறை போன் செய்தான் என்று எண்ணும் அம்மாக்களும் வரலாம்.

அந்தப் பெண் வியாழக்கிழமை மறுபடி வருகிறார். போனை அணைத்துவிட்டு வரச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. உத்தரவு போட அவருக்கு இன்னொரு ஆள் வேண்டாம்.