கோபன்ஹேகனும் மால்மோவும்: கடலுக்கு இருபுறமும் ஒரே வேலைச் சந்தை

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் சம்பளம் அதிகம், வீட்டு விலையும் அதிகம். ஓரசுண்ட் நீரிணைக்கு அக்கரையில் உள்ள சுவீடனின் மால்மோவில் இரண்டுமே குறைவு. 1980களில் கோக்கும்ஸ் கப்பல் தளம் படுத்துவிட்டதால் அங்கே வேலையும் அருகிப்போனது. (அதன் ராட்சத கிரேன் 2002இல் ஒரே ஒரு டாலருக்குக் கொரியாவின் ஹூண்டாய்க்குப் போனது.) இந்த மேடுபள்ளம்தான் இரு ஊர்களையும் சேர்த்தது.

2000 ஜூலை 1இல் ஓரசுண்ட் இணைப்பு திறக்கப்பட்டது: சுமார் 8 கி.மீ. பாலம், 4 கி.மீ. செயற்கைத் தீவு, 4 கி.மீ. சுரங்கம். டென்மார்க் பக்கம் மட்டும் சுரங்கம், ஏனென்றால் பக்கத்திலேயே காஸ்ட்ரூப் விமான நிலையம். உயர்ந்த பாலத் தூண்கள் விமானங்களுக்கு இடைஞ்சல். கட்டுமானக் கடனைச் சுங்கக் கட்டணமும் ரயில் பாதைக்கான கட்டணமும் அடைக்கின்றன.

ரயிலில்தான் முதல் சிக்கல். டென்மார்க்கில் மின்பாதை 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவீடனில் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். சிக்னல் முறையும் வேறு. இரண்டுக்கும் பொருந்தும் ரயில்களே ஓட முடியும் என்பதால், ஒன்று பழுதானால் கைக்குக் கிடைத்த வேறொரு ரயிலை அனுப்பிவிட முடியாது.

துறைமுகம் சுலபமாக முடிந்தது. ஒன்றோடொன்று போட்டியிடுவதை விட்டு, 2001இல் இரு ஊர்களின் துறைமுகங்களையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

வரி அப்படி இல்லை. மால்மோவில் குடியிருந்து கோபன்ஹேகனில் வேலை பார்ப்பவர் வருமான வரியை டென்மார்க்கில் கட்டுகிறார். அவர் பிள்ளைகளின் பள்ளிச் செலவோ சுவீடன் தலையில். இதைச் சரிக்கட்ட 2003இல் இழப்பீட்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2025 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களின் வரிக் கணக்கைக் கொஞ்சம் எளிதாக்கியது.

ஆனால் சமூகக் காப்பீடு (ஓய்வூதியம், நோய்க்கால உதவி போன்றவை) தனிக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியப் பொது விதிப்படி, ஒருவர் தன் வேலையில் 25% அல்லது அதற்கு மேல் குடியிருக்கும் நாட்டிலேயே செய்தால் காப்பீடும் அந்த நாட்டுக்கு மாறிவிடும். வாரத்தில் 1 நாள் வீட்டில் என்றால் 20%, தொல்லையில்லை. 2 நாள் என்றால் 40%: டென்மார்க் முதலாளி சுவீடனில் பதிவுசெய்து, சம்பளத்துக்கு மேல் கணிசமான பங்களிப்பு கட்ட வேண்டியிருக்கும். டென்மார்க்கில் சமூகப் பாதுகாப்பின் பெரும்பங்கு வரியிலிருந்தே நடப்பதால், அங்கே முதலாளியின் பங்கு மிகச் சிறிது. எனவே இரண்டாவது நாளுக்குச் சம்மதிக்கும் முன், விதிவிலக்கு கிடைக்குமா என்று விண்ணப்பித்துப் பார்த்துவிடுவதே நல்லது.