பல்கலைக்கழக நிதிப் பிரிவு இன்டர்வியூ: கம்பெனிக் கணக்கில் தேர்ந்தவர்கள் சறுக்கும் இடம்

பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பேனலில் நானும் உட்காருவதுண்டு. வருகிறவர்களில் பலர் கம்பெனிக் கணக்கில் கைதேர்ந்தவர்கள். பேலன்ஸ் ஷீட், வரி, செலவுக் கட்டுப்பாடு என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அப்படிப்பட்டவர்களே பாதியில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். கம்பெனியில் எல்லாக் கணக்கும் கடைசியில் லாபம் எவ்வளவு என்பதில் போய் முடியும். இங்கே ஒவ்வொரு தொகைக்கும் முதலில் கேட்பது, இதை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைத்தான்.

வங்கியில் இருக்கும் பணம் முழுவதையும் பல்கலைக்கழகம் நினைத்தபடி செலவழிக்க முடியாது. ஆய்வுக்கென்று வெளியிலிருந்து வந்த நிதி, அதாவது கிராண்ட், அந்த ஆய்வுக்கு மட்டும். ஒருவர் நிரந்தர நிதியாக நன்கொடை கொடுத்திருந்தால், பொதுவாக அசல் தொகையைத் தொடாமல் அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும், அதுவும் அவர் சொன்ன காரியத்துக்கு மட்டும் எடுக்கலாம். ஆகவே கணக்கில் பெரிய தொகை தெரியும், அதே மாதம் சம்பளத்துக்குத் திண்டாட்டமும் இருக்கும். இது புரியாமல் உள்ளே வருகிறவர்தான் முதலில் சறுக்குகிறார்.

இதைச் சோதிக்கக் கேட்கும் ஒரு கேள்வி: ஆய்வுத் திட்டம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது. கிராண்டில் பணம் மீதி இருக்கிறது. பேராசிரியர் ஒரு கருவிக்கு ஆர்டர் போடச் சொல்கிறார். கருவி வந்து சேர மூன்று மாதம் ஆகும். என்ன செய்வீர்கள்?

சிலர் யோசிக்காமல் ‘முடியாது’ என்பார்கள். சிலர், பேராசிரியர் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும் என்பார்கள் (சொல்லிவிட்டு பேனலில் இருக்கும் பேராசிரியரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு; அவருக்கே அது பிடிப்பதில்லை). இரண்டையும்விட மோசமான பதில் ஒன்று உண்டு: ‘இப்போதைக்கு வேறு திட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.’ கம்பெனியில் ஒரு துறையின் செலவை இன்னொரு துறைக்கு மாற்றி எழுதுவது சாதாரணமாக இருக்கலாம், எல்லாம் ஒரே முதலாளியின் பணம். இங்கே இரண்டு திட்டம் என்றால் பணம் கொடுத்தவர்களும் இரண்டு பேராக இருப்பார்கள். திட்டம் முடியும் நேரத்தில் இடம் மாறிய செலவுகள்மீது தணிக்கையாளருக்கு எப்போதும் ஒரு கண். சரியான காரணம் காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டி வரலாம். அது பல்கலைக்கழகத்தின் பொதுப் பணத்திலிருந்துதான் போகும்.

நல்ல பதில், ‘முதலில் கிராண்ட் ஒப்பந்தத்தைப் படிப்பேன்’ என்று தொடங்கும். இந்தக் கருவிக்கு பட்ஜெட்டில் ஒப்புதல் இருக்கிறதா? திட்டம் முடிந்தபின் வரும் கருவி இந்தத் திட்டத்துக்கு எப்படிப் பயன்படும்? கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டித் தரும்படி நிதி கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்க முடியுமா? விதிகள் முழுவதும் தெரியாதவர்கூட இந்த வரிசையில் யோசித்தால் நான் மதிப்பெண் போட்டுவிடுவேன்.

கட்டணக் கணக்கிலும் இப்படித்தான். பத்து மாதக் கல்வியாண்டுக்கு 1,000 முன்பணமாக வருகிறது, நான்காவது மாத முடிவில் நிதியாண்டு முடிகிறது. பாடம் சீராக நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் 400தான் வருமானம், மீதி 600 பொறுப்பு, அதாவது இன்னும் நடத்த வேண்டிய பாடத்துக்காக வாங்கி வைத்திருக்கும் பணம். வருமானத்தை எப்போது, எவ்வளவு காட்டலாம் என்று சொல்லும், 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேசக் கணக்கு விதியான ஐஎஃப்ஆர்எஸ் 15 பற்றி விளக்கமாகப் பேசுபவர்களே, பதற்றத்தில் 1,000 முழுவதையும் வருமானத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

எக்ஸெல் தேர்வு பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொகைகளைப் பொருத்திப் பார்க்கவும் பைவட் டேபிள் (தொகைகளை வகைவாரியாகத் தொகுக்கும் அட்டவணை) போடவும் தெரிந்தால் போதும்.

வந்துபோனவர்கள் அதிகம் குறைப்படுவது பேனலின் முகத்தைப் பற்றித்தான். யாரும் சிரிக்கவில்லை, காகிதத்தைப் பார்த்தே கேட்டார்கள், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள் என்பார்கள். உண்மைதான். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே அளவுகோல் என்று வைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் தனியாக மதிப்பெண் போடும் முறை அது. நீங்கள் மூன்றாவது பதிலில் சொன்ன நல்ல உதாரணத்தை ஐந்தாவது கேள்விக்கு நாங்களாக எடுத்துக்கொள்ள முடியாமல் போகலாம், அதனால் திரும்பச் சொல்லத் தயங்காதீர்கள். பேனலில் கணக்குத் தெரியாத ஒருவரும் பெரும்பாலும் இருப்பார். ‘என் திட்டத்துப் பணத்தை நானே ஏன் எடுக்க முடியவில்லை?’ என்று அவர் கேட்டால், விதி எண்ணைச் சொல்லாமல் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். வேலையில் சேர்ந்தபின் தினமும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

முடிவு வரத் தாமதமாகும். பல கையெழுத்துகளைத் தாண்டி வர வேண்டும், வாரக்கணக்கில் மௌனம் என்றால் நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சம்பளம் பெரும்பாலும் நிலை வாரியாக முன்பே முடிவாகியிருக்கும், பேரம் பேச இடம் குறைவு. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இடையில் யாராவது ‘ஃபைலை நகர்த்துகிறேன், பணம் கொடு’ என்றால் நேராக நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

கடைசியில் ‘நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்போம். பலர் ‘இல்லை சார்’ என்று எழுந்துவிடுகிறார்கள். கடந்த ஆண்டுத் தணிக்கையில் என்ன குறிப்பு வந்தது, நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன, ஒவ்வொரு துறையும் தனித்தனி எக்ஸெல்லில் கணக்கு வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பேனல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், சேர்ந்த முதல் வருடம் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.