அறுந்துபோகாத பாலியெஸ்டரை நம்பாதீர்கள்

சென்ற வாரம் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் டென்னிஸ் மட்டை என் மேசைக்கு வந்தது. விறைப்பான, விலை உயர்ந்த ஃபிரேம். முழுவதும் பலகோண விளிம்புள்ள பாலியெஸ்டர் ஸ்ட்ரிங். டென்ஷன், அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டிய இறுக்கம், 56 பவுண்டு. கட்டி ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்க, உடன் வந்த தந்தையோ கிரிப்பை மட்டும் மாற்றித் தரும்படி கேட்டார். ஸ்ட்ரிங்கை எப்போதோ மாற்றியிருக்க வேண்டுமே என்றேன். "அது இன்னும் அறுந்தே போகலையே சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஸ்ட்ரிங் கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட எவருக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

பாலியெஸ்டர் அறுந்த பிறகு மாற்ற வேண்டிய பொருள் அன்று. அறுவதற்கு நெடுநாள் முன்பே அது செத்துவிடும். நைலானோடு பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்குவதில்லை. சிந்தெடிக் கட் என்று நாம் வாங்கும் சாதாரண நைலான், தன் இழுவையை ஓரளவு காத்துக்கொண்டே வந்து, நெடுக்கும் குறுக்கும் உரசுமிடத்தில் தேய்ந்து, ஒரு நாள் அறுந்து தன் முடிவைத் தானே அறிவித்துவிடும். பாலியெஸ்டர் அப்படி அறிவிக்காது. அது ஒற்றைத் திண்ம இழை. உராய்வில் அவ்வளவு சீக்கிரம் அறாது. ஆனால் இழுத்துக் கட்டிய நேரத்திலிருந்தே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 50 பவுண்டில் கட்டிய மட்டையை ஒரு பந்துகூட அடிக்காமல் சுவரில் மாட்டிவைத்து மறுநாள் அளந்தாலும் சில பவுண்டுகள் இறங்கியிருக்கும். அதன்மேல் ஒவ்வோர் அடியும் இழையை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது. நீண்டது முழுவதுமாகத் திரும்புவதில்லை. பல தடவை துவைத்த கால்சட்டையின் எலாஸ்டிக் எங்கும் கிழிந்திருக்காது, ஆனால் இடுப்பில் நிற்காது. ஓராண்டுப் பாலியெஸ்டரின் நிலையும் அதுதான். அறாமல் இருப்பது அந்தப் பொருளின் இயல்பே தவிர, அது நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று அன்று.

அந்தத் தந்தையிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால், நடுவிலிருந்த நெடுக்கிழை ஒன்றைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினேன். புதிய பாலியெஸ்டரில் விரலை எடுத்ததும் இழை டக்கென்று தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இது தள்ளிய இடத்திலேயே வளைந்து நின்றது. குறுக்கிழையைக் கடக்கும் ஒவ்வொரு புள்ளியிலும், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இழை அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பிள்ளையின் பையிலிருக்கும் மட்டையை எடுத்து இன்றைக்கே செய்து பாருங்கள். ஆட்டத்தின் நடுவே இழைகளை விரலால் நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை நைலானில் சாதாரணம். பாலியெஸ்டரில் அந்நிலை வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள்.

ஏனெனில் அந்த நகர்வுக்காகத்தான் நாம் பாலியெஸ்டருக்குக் காசு கொடுக்கிறோம். பந்து மோதும்போது நெடுக்கிழைகள் வழுக்கி விலகி, பந்து புறப்படுவதற்குள் துள்ளித் திரும்புவதால் கூடுதல் சுழற்சி கிடைக்கிறது. இழைகள் ஒன்றோடொன்று பின்னாமல் தாராளமாக நகரும்படி அமைத்த 'ஸ்பகெட்டி' மட்டை 1977-இல் செய்த அமளியும், அதைப் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு தடை செய்ததும் இந்தக் காரணத்தினால்தான். விதிக்கு உட்பட்டுப் பின்னப்பட்ட இழைகளிலேயே அந்தப் பலனில் ஒரு பகுதியை வழவழப்பான பாலியெஸ்டர் தந்தது. 1997-இல் உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்திலிருந்த பிரேசிலின் குஸ்தாவோ குயெர்தென், பெல்ஜியத்தின் லக்சிலான் நிறுவனத்துப் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. பள்ளம் விழுந்து இழைகள் பூட்டிக்கொண்டால் சுழற்சி குறைகிறது. சுழற்சி குறைந்தால் பந்து கோட்டுக்குள் விழாமல் நீளமாகப் போகிறது. அதைச் சரிக்கட்டப் பிள்ளை மட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை இன்னும் வேகமாகத் திருப்புகிறது. சுழற்சியும் கட்டுப்பாடும் போனபின் சுமை வந்து விழுவது முழங்கையில்தான்.

அடுத்து, தொழில்முறை வீரர்கள் பாலியெஸ்டர் போடுகிறார்களே என்ற வாதம். போடுகிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகக் கட்டிய மட்டைகளோடு இறங்குகிறார்கள். முதல் ஏழு கேம் முடிந்ததும் அதன்பின் ஒன்பது கேமுக்கு ஒரு முறையும் பந்து மாறும்போது கையிலிருக்கும் மட்டையையும் மாற்றிக்கொள்பவர்கள் பலர். ரோஜர் ஃபெடரர் பல ஆண்டுகள் நெடுக்கில் மாட்டுக் குடலிலிருந்து செய்யும் இயற்கை இழையையும் ('நேச்சுரல் கட்') குறுக்கில் மட்டும் பாலியெஸ்டரையும் வைத்து ஆடினார். "ஃபெடரர் மாதிரி போட்டுக் கொடுங்க" என்று வருபவர்கள் இயற்கை இழையின் விலையைக் கேட்டதும் பாலியெஸ்டர் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

தேர்வு விஷயத்தில் என் கருத்து இது. பலகோண விளிம்போ முறுக்கோ பந்தைக் கவ்வும் என்று விளம்பரம் சொல்வதற்கு மயங்க வேண்டாம். விளிம்பு ஓரளவு உதவும், ஆனால் கூரான விளிம்பு குறுக்கிழையையும் சீக்கிரம் அறுக்கும், தானும் சீக்கிரம் மழுங்கும். சீராகவும் மென்மையாகவும் இருக்க வேண்டுமென்றால் உருண்டையான, வழவழப்பான பாலியெஸ்டரே பெரும்பாலோருக்குப் போதும். பருமனில் 1.30 மில்லிமீட்டரைத் தவிர்த்து 1.25-க்கோ 1.20-க்கோ வாருங்கள், அது சீக்கிரம் அறும் என்று குறைப்படாதீர்கள், அறுந்தால் உங்கள் கைக்கு நல்லது. டென்ஷனை இறுக்கினால் கட்டுப்பாடு கூடும் என்பது நைலான் காலத்துப் பாடம். பாலியெஸ்டர் இயல்பிலேயே விறைப்பானது. இயற்கை இழையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்புள்ள வகைகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நைலானில் 54 பவுண்டுக்குப் பழகியவர் பாலியெஸ்டரில் 48-க்கு மேல் போகத் தேவையில்லை. 45-இலும் பந்து கட்டுக்குள்தான் இருக்கும், ஏனெனில் அதை உள்ளே இறக்குவது சுழற்சி. சுழற்சியும் மென்மையும் இரண்டும் வேண்டுமென்றால் நெடுக்கில் பாலியெஸ்டரும், குறுக்கில் பல நுண்ணிழைகளைச் சேர்த்துச் செய்த மல்டிஃபிலமென்டும் கலந்து கட்டிக்கொள்ளலாம்.

தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 200 மீட்டர் சுருளில் வாங்கினால் ஒரு மட்டைக்கு 12 மீட்டர் வீதம் 16 மட்டைக்கு வரும். மலிவான பாலியெஸ்டர் சுருளில் கடைக்காரருக்கு மிஞ்சுவது அதிகம். அறாத ஸ்ட்ரிங்கைப் பற்றி யாரும் புகார் சொல்லிக்கொண்டு திரும்பி வருவதுமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் பாலியெஸ்டர் பரிந்துரைக்கப்படுவதன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. ஸ்ட்ரிங்கை மாதத்துக்கு இரண்டு முறை அறுக்கும் அளவுக்கு வீச்சு வேகமில்லாத எந்தப் பிள்ளைக்கும் அது தேவையில்லை. மல்டிஃபிலமென்டோ நல்ல சிந்தெடிக் கட்டோ 50 பவுண்டுக்குள் கட்டினால் போதும். வாரம் ஒரு முறை இரட்டையர் ஆடும் நடுவயதினருக்கும் இதையேதான் சொல்வேன். இழைகளின் நடுவே செருகும் ரப்பர் டாம்ப்னர் முழங்கையைக் காக்கும் என்று நம்பி வாங்குபவர்களே, அது சத்தத்தை மாற்றும், அவ்வளவுதான்.

பாலியெஸ்டர்தான் வேண்டும் என்பவர்கள் சிலவற்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். வாரம் மூன்று நாள் ஆடுகிறீர்களென்றால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், அறுந்தாலும் அறாவிட்டாலும், வெட்டிவிடுங்கள். மே மாதச் சென்னை வெயிலில் மூடிய காருக்குள் மட்டையை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் டென்ஷன் மேலும் இறங்கும். ஒரு நெடுக்கிழை அறுந்துவிட்டால் மட்டையை அப்படியே பையில் திணிக்காமல், மீதி இழைகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, நெடுக்கையும் குறுக்கையும் மாற்றி மாற்றி வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஃபிரேம் கோணிக்கொள்ளும். கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் "விளையாட விளையாடச் சரியாயிடும்" என்று தட்டிக்கழிக்காதீர்கள், தயவுசெய்து. முதலில் ஆட்டத்தை நிறுத்திப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பாலியெஸ்டரை வெட்டி எறியுங்கள். அதன்பிறகு ஸ்ட்ரிங் பற்றிப் பேச என்னிடம் வாருங்கள்.

என் கடையில் கட்டிய தேதியையும் டென்ஷனையும் எழுதி மட்டையின் கழுத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டித் தருகிறோம். அழகைக் கெடுக்கிறது என்று அதைப் பிய்த்துவிடாதீர்கள்.