விடுமுறைக்கு முந்தின நாள் வரும் கோப்பு

"சின்ன வேலைதான், இன்றைக்குள் முடித்துக் கொடுங்கள்." நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்க்கும் வரி இது.

சின்னதா பெரிதா என்பதைச் சொற்களின் எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் ஒரு நாளில் நிதானமாக மொழிபெயர்ப்பது 2,000 முதல் 2,500 சொற்கள். 9,000 சொற்கள் என்றால் நான்கு நாள். இன்னொருவர் அதை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட, மணிக்கு 1,000 சொல் என்று வைத்தாலும், மேலும் ஒரு முழு நாளைத் தாண்டும். அவசரத்துக்கு நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் 'பயனர்' என்பார், அடுத்தவர் 'பயன்படுத்துபவர்' என்பார். திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது கலைச்சொற்களை முடிவுசெய்து கையில் கொடுத்த பிறகே கோப்பைப் பிரிக்க வேண்டும்.

நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது ஆளின் சரிபார்ப்பு. மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17100 அதைக் கட்டாயம் என்கிறது, காரணத்தோடுதான். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் வருகிறது. 'எடுத்துக்கொள்ளலாம்', 'எடுத்துக்கொள்ளக் கூடாது' இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. களைத்த கண் பாதியைப் படித்ததுமே அடுத்த வரிக்குப் போய்விடும்.

முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்து வைத்து, ஒத்த வரி வரும்போது எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகமும் இங்கே காலை வாரும். பழைய கோப்பில் 'மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்கவும்' என்று இருக்கிறது. புதிய மூலத்திலோ 'உணவுக்கு முன்'. கிட்டத்தட்ட பொருந்துகிறதே என்று மென்பொருள் பழைய வரியை எடுத்து நீட்டும். மாறியிருப்பது ஒரே சொல். தானியங்கிச் சோதனை எண் பிழையையும் விடுபட்ட வரியையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த ஒரு சொல் மாற்றத்தை அது கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். முழுச் சரிபார்ப்புக்கு நேரமே இல்லையென்றால், மருந்தளவு, எச்சரிக்கை, தொகை, கெடுதேதி வரும் வரிகளையாவது இரண்டாவது ஆள் பார்த்தே தீர வேண்டும். மீதி பார்க்கப்படவில்லை என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது நம் கடமை.

மூலத்தில் '3/4' என்று மட்டும் தேதி இருந்தால் அது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். மாலையில் கேட்டால் தானியங்கிப் பதில்தான் வரும், ஆள் கிளம்பியிருப்பார். எல்லாச் சந்தேகங்களையும் நண்பகலுக்குள் ஒரே பட்டியலாக அனுப்புங்கள். விடுமுறையில் யார் பதில் சொல்வார் என்பதை வேலையை ஏற்கும்போதே கேட்டு வையுங்கள். 'வெள்ளி மாலை 5 மணி' என்றால் எந்த நாட்டின் 5 மணி என்பதையும்தான்.

பக்க வடிவமைப்புக்குப் போகும் தமிழ்க் கோப்பு தனிக் கவனம் கேட்கும். வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' அமைப்பு தேர்வு செய்யப்படவில்லை என்றால் 'கொ' உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்காத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படாது. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைத் தமிழ் தெரிந்த ஒருவர் கடைசியாகப் பார்க்கும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

அனுப்பிய பிறகு, அனுப்பிய மின்னஞ்சலிலிருந்தே இணைப்பைத் திறந்து பாருங்கள். நேற்றைய பதிப்பு போயிருப்பது அப்போதுதான் தெரியவரும்.