உள்ளங்காலைப் பார்க்காத விழிப்புணர்வு

சென்ற ஆண்டு, பினாங்கில் உள்ள என் அறைக்கு வந்த அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, செருப்பைக் கழற்றியபடியே, "கால் ஆணிதான் டாக்டர், கொஞ்சம் வெட்டி விட்டுடுங்க" என்றார். குதிகாலின் ஓரத்தில், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளிறிய பழுப்புமாக ஒரு படலம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதன்மேல் ஆணி பிளாஸ்திரி ஒட்டி வந்திருக்கிறார். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தபோது, தோல் ரேகைகளின் மேடுகளில் நிறம் படிந்திருந்தது. உள்ளங்கால் மச்சத்தில் நிறம் பெரும்பாலும் ரேகைகளின் பள்ளங்களில்தான் ஓடும். மேடுகளில் ஓடினால், நிறமி செல்களில் தோன்றும் தோல் புற்றுநோயான மெலனோமாவைச் சந்தேகித்தே ஆக வேண்டும். திசுப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், சன்ஸ்கிரீன் நிறுவனம் ஒன்று தோல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அச்சிட்டுத் தந்த பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கடற்கரையும், தொப்பியும், வெள்ளைத் தோளில் ஒரு மச்சமும் இருந்தன. அந்த அம்மாவுக்குப் பயன்படக்கூடிய ஒரு வரிகூட அதில் இல்லை.

வெயிலின் புற ஊதாக் கதிர் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. வயல், கட்டுமானம், மீன்பிடி என்று நாளெல்லாம் வெயிலில் நிற்பவர்களுக்கும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் அந்தப் பதாகை தேவைதான். ஆனால் நம்மைப் போன்ற கருந்தோல் உடையவர்களுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் நோய் தொடங்கியது.

நிறுவனங்களின் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1999இல் பெல்ஜியத்தில் தோல் மருத்துவர்கள் தொடங்கிய இலவசப் பரிசோதனை நாள் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவியதில் நிறுவன ஆதரவுக்கும் பங்குண்டு. 2007இல் அமெரிக்காவில் உருவான மெலனோமா ஆராய்ச்சிக் கூட்டமைப்பும் நிறுவனக் கூட்டாளிகளின் நிதியைச் சேர்த்து ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. 2011இல் இப்பிலிமுமாப், 2014இல் பெம்ப்ரொலிசுமாப் என்று நோயெதிர்ப்பு மருந்துகள் வந்த பிறகு, பரவிய மெலனோமாவோடு பல ஆண்டுகள் வாழ்பவர்களைக் காண்கிறோம். ஆனால் உள்ளங்கால் வகை அம்மருந்துகளுக்கு அவ்வளவாக இணங்குவதில்லை. வெயிலால் வரும் வகையைப் போல அதன் மரபணுக்களில் மாற்றங்கள் குவிந்திருப்பதில்லை என்பது ஒரு காரணம். ஆகவே நம் மக்களுக்கு வரும் வகையின் மீதான ஆராய்ச்சிக்கும் பணம் போக வேண்டும். நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன், எந்த ஆய்வுக்குப் பணம் செல்வது என்பதைத் தேர்ந்தெடுப்பது சுயேச்சையான அறிவியல் குழுவா, சந்தைப்படுத்தும் துறையா என்று மருத்துவர்கள் நாம் கேட்டாக வேண்டும்.

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் சாலை நெடுக நிறுவனங்கள் தண்ணீர்ப் பந்தல் போடுகின்றன. அன்று பக்தர்கள் பலர் வெறுங்காலோடு வருகிறார்கள். அத்தகைய பந்தல் ஒன்றில் கால் கழுவ ஒரு தொட்டி, இரண்டு நாற்காலி, ஒரு டெர்மாஸ்கோப், தமிழ் பேசும் தாதி ஒருவர், இவற்றோடு சந்தேகத்துக்குரியவர்களின் திசுப் பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு. இவ்வளவுதான் நான் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கும் திட்டம். கடைசிச் செலவை நீக்கிவிட்டுப் பதாகையைப் பெரிதாக்கலாம் என்றார்கள்; நான் சம்மதிக்கவில்லை. சந்தேகம் என்று சொல்லிவிட்டு, அடுத்த படிக்கு வழிகாட்டாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையதன்று.

துண்டறிக்கையில் இருக்க வேண்டியவற்றையும் எழுதியிருக்கிறேன். பல நகங்களில் மெல்லிய கருங்கோடு ஓடுவது நம் நிறத்தவர்க்கு இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகன்றுகொண்டே போய், நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கருமை படர்ந்தால் உடனே காட்ட வேண்டும். ஆறாத ஆணி, அடிபடாமல் வந்த கருமை, பிளாஸ்திரிக்கு அடங்காத புண் ஆகியவையும் அவ்வாறே. திருமணத்துக்கும் தீபாவளிக்கும் மருதாணி இடும் பெண்கள், இடுவதற்கு முந்தைய நாள் நகங்களையும் உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்தச் சிவப்பு ஏறிவிட்டால் அடியில் இருப்பது எங்கள் கண்ணுக்கும் எளிதில் அகப்படாது.