பேனல் ஃபீடர்: பலகையூட்டி

அடுக்கிலிருக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அறுக்கும் அல்லது துளையிடும் மெஷினுக்குள் அனுப்பும் கருவிதான் பேனல் ஃபீடர். 8×4 அடி, 18 மி.மீ. எம்டிஎஃப் ஷீட் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. கையால் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

'பேனல்' லத்தீன் 'பான்னுஸ்' என்ற சொல்லில் தொடங்கி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பொருள் துணித்துண்டு; சட்டத்துக்குள் பொருத்தும் பலகை என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. 'ஃபீட்' என்பது 'ஃபுட்' உடன் ஒரே வேரில் பிறந்தது: உண்ணச் செய்தல். தமிழில் 'உண்', 'ஊட்டு' இரண்டுக்கும் அதே உறவுதான். எனவே 'செலுத்தி', 'நுழைப்பி' என்றெல்லாம் தேட வேண்டாம். தனியே 'ஊட்டி' என்றால் மலையூர் நினைவுக்கு வந்துவிடும். 'பலகையூட்டி' என்று சேர்த்தெழுதினால் குழப்பமில்லை. முன்னால் அடைமொழி வேண்டுமானால் 'தன்னியக்கப் பலகையூட்டி' என்பதே சரி. 'தானியங்கி' தன்னளவில் பெயர்ச்சொல்.

மர விளிம்பில் வடிவம் செதுக்கும் ஸ்பிண்டில் மோல்டரில் ரப்பர் உருளைகளால் கட்டையைத் தள்ளும் பவர் ஃபீடர் வேறு. அதை 'உருளையூட்டி' எனலாம்.

பலகையூட்டியில் இரண்டு வகை. தள்ளு வகையில், கத்தரிபோல் மடங்கி விரியும் சிசர் லிஃப்ட் அடுக்கை உயர்த்த, தள்ளுபட்டை மேல் ஷீட்டை உருளைகள் மீது நகர்த்தும். பட்டையின் கீழ் விளிம்பு ஷீட்டின் தடிமனுக்குள்ளேயே நிற்க வேண்டும். இறங்கினால் அடுத்த ஷீட்டும் சேர்ந்து வரும். இடையில் சிக்கும் மரத்தூள் லேமினேட்டை, அதாவது மேலே ஒட்டிய அலங்காரத் தாளை, கீறிவிடும் என்பதால், மேற்பூச்சுள்ள ஷீட்டுக்கு இந்த வகை ஏற்றதல்ல.

அதற்கு வேக்குவம் வகை: ரப்பர் கப்புகள் ஷீட்டை உறிஞ்சிப் பிடித்துத் தூக்கும். 100 மி.மீ. விட்டமுள்ள கப்பின் பரப்பு சுமார் 78 ச.செ.மீ. பூச்சில்லாத எம்டிஎஃப் பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் அதன் வழியே காற்று கசியும், 0.3 பார் அளவுக்கே வெற்றிடம் நின்றால் ஒரு கப் தாங்குவது சுமார் 24 கிலோ. 40 கிலோவுக்கு இருமடங்கு பாதுகாப்பு வைத்தால் நான்கு கப் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் நான்கில் தூக்கினால் ஷீட் தொய்ந்து, கப் விளிம்பு பிரியும். ஆறு அல்லது எட்டு வைப்பதே நல்லது. கசிவுள்ள ஷீட்டுக்கு ஆழ்ந்த வெற்றிடம் தரும் சிறு பம்பைவிட, நிறையக் காற்றை இழுக்கும் புளோவர்தான் உதவும்.

அதிகம் தொல்லை தருவது இரட்டை ஷீட். மெல்லிய எம்டிஎஃப் என்றால் உறிஞ்சல் மேல் ஷீட்டைத் தாண்டி அடுத்ததையும் பிடித்துவிடும். லேமினேட் என்றால் வழவழப்பான முகங்களுக்கு நடுவே காற்று நுழையாமல் ஒட்டிக்கொள்ளும். ஓர் ஓரக் கப்புகளை மட்டும் முதலில் உயர்த்தி, ஷீட்டை லேசாக வளைத்து, ஒரு நொடி நிறுத்தினால் காற்று புகுந்து அடி ஷீட் கழன்றுவிடும். அதன் பிறகும் தடிமன் சென்சார் ஒன்று இருக்கட்டும்.

பிடி தளர்ந்தால் பம்பைக் குறை சொல்லுமுன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் தூள் அடைத்திருக்கும். அடுத்தது கப் விளிம்பின் வெடிப்பு. கரண்ட் போனாலும் ஷீட் உடனே விழாதிருக்க வெற்றிடத் தொட்டியும் ஒருவழி வால்வும் அவசியம். அப்போதும் தூக்கிய ஷீட்டுக்கு அடியில் யாரும் போகக் கூடாது.