ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டிக்குள் சளி என்ன ஆகிறது?

2005-06இல் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டுகேலா ஃபெர்ரி என்ற ஊரின் மருத்துவமனையில் 53 பேருக்கு முக்கிய மருந்துகள் எதற்கும் கட்டுப்படாத காசநோய் இருப்பது தெரியவந்தது. 52 பேர் இறந்துபோனார்கள். இறந்த தேதி தெரிந்தவர்களில் பாதிப்பேர், சளி கொடுத்த 16 நாளுக்குள் போய்விட்டார்கள். எந்த மருந்து கேட்காது என்று அறிய அன்று கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 2011 மார்ச்சில் அந்நாடு, சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகளைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியதற்கு இந்தத் தாமதம் முக்கியமான காரணம்.

சோதனை எளிமையானது. ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு கரைப்பான் ஊற்றி நன்றாகக் குலுக்குவார்கள். 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை குலுக்கி, மேலும் 5 நிமிடம் வைப்பார்கள். சளி நூல் நூலாக இழுபடாமல் தண்ணீராக வேண்டும். அதில் 2 மில்லி, கருவியில் பொருத்தும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டிக்குள் போகும். அதன்பிறகு கை படாது. உள்ளே வடிகட்டியில் சிக்கும் கிருமிகளைக் கழுவி, மீயொலியால் உடைத்து, டிஎன்ஏவை வெளியே எடுக்கிறது கருவி. பிறகு சூடாக்கிக் குளிர்விக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த டிஎன்ஏ ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மருந்து கேட்குமா என்று அறியக் கருவி பார்ப்பது, கிருமியின் ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் மாத்திரைக்குக் கிருமி கட்டுப்படாமல் போகக் காரணமான மாற்றங்களில் சுமார் 95 சதவீதம் இந்தத் துண்டில்தான் இருக்கின்றன. ஒளிரும் மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிடி மாறிவிடும். 2017இல் வந்த அல்ட்ரா கார்ட்ரிட்ஜ், அவை எந்த வெப்பநிலையில் கழன்றுகொள்கின்றன என்பதை வைத்து மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது. காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்ற இரண்டுக்கும் சுமார் 80 நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். அல்ட்ராவுக்குச் சுமார் 16 போதும். எச்ஐவி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. நுரையீரலில் குழி விழுவதில் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் பங்குண்டு. அது குன்றியவர்களுக்குக் குழி அதிகம் விழாததால் சளியில் வந்து சேரும் கிருமியும் குறைவு.

ஆனால் டப்பாவில் எச்சில் இருந்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை. சாப்பிடும் முன் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் கெட்டிச் சளியை எடுக்க வேண்டும். குறைந்தது 1 மில்லி வேண்டும். இதைத் திறந்தவெளியில், மற்றவர்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்வதே பாதுகாப்பு. பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடலில் எழுதுங்கள். ஆய்வகத்தில் மூடிகள் மாறிப்போகக்கூடும்.

முடிவு ‘செல்லாது’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் தீங்கற்ற ஒரு பாக்டீரியாவின் வித்துகள் வைக்கப்பட்டிருக்கும். ரத்தமோ உணவுத் துணுக்கோ வேதிவினையைத் தடுத்தால் அந்த வித்துகூடத் தென்படாது. அதைத்தான் கருவி இப்படிச் சொல்கிறது. ‘பிழை’ என்று வந்தால் சளி சரியாகக் கரையாமல் அடைத்திருக்கலாம். நடுவில் மின்சாரம் போனால் ‘முடிவு இல்லை’ என்று வரும். மின்வெட்டில் நின்ற கார்ட்ரிட்ஜை மறுபடி ஓட்ட முடியாது. இந்த மூன்றிலும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

‘மிகச் சிறு தடயம்’ என்ற முடிவில்தான் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. கிருமியின் டிஎன்ஏ கிடைத்திருக்கும். ஆனால் மருந்து கேட்குமா என்று சொல்லும் அளவுக்கு இருக்காது. எச்ஐவி உள்ளவர்களிடமும் குழந்தைகளிடமும் இதைக் காசநோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு சிகிச்சை முடித்தவரிடம் அப்படி உடனே முடிவு கட்ட முடியாது. செத்த கிருமியின் டிஎன்ஏ நுரையீரலில் நெடுநாள் தங்கியிருக்கும், உயிருள்ளதா செத்ததா என்று கருவிக்குத் தெரியாது. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ஜீன்எக்ஸ்பர்ட்டைப் பயன்படுத்தாததும் இதனால்தான். அதற்கு இன்றும் மைக்ராஸ்கோப்பும் கிருமி வளர்ப்பும்தான்.